கீழ்க்கட்டில்

நான் துரு பார்க்கிறவன்.
சோஹார் துறைமுகக் குழாய்களில்
மஞ்சள் சாக்பீஸால் வட்டமிட்டு
இதற்கு அப்பாலும் சுரண்டு என்று
எழுதிவிட்டுப் போகிறவன்.

முகாம் அறையில் என் கட்டில் கீழே.
விடியுமுன் நாலு மணிக்கு
இசக்கியப்பனின் பாதங்கள்தான் எனக்கு முதல் தரிசனம்.
ஏணியின் இரண்டாம் கம்பியில்
இடது கால் ஒரு நொடி தயங்கும்.
குதிகாலுக்கு முன்னால்
வளைவு தொடங்குமிடத்தில் ஒரு மச்சம்.

உள்ளங்கால் மச்சம் கடல் தாண்ட வைக்கும் என்பான்.
ஏஜெண்டுக்குக் கொடுத்த ஒன்றேமுக்கால் லட்சத்தை
அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.
பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் இரண்டு:
வலது முழங்கையில் மச்சம், புருவத்தில் தழும்பு.
காலைத் தூக்கிக் காட்டு என்று கேட்க
எந்த வாத்தியாருக்குத் தோன்றும்?

வந்த வருடம் அது எள்.
அடுத்த நோன்புக்கு மிளகு.
அப்புறம் தானியக் கணக்கு உதவவில்லை.
ஒரு பக்கம் வழிந்து, ஒரு பக்கம் எலி கடித்து,
கருப்புக்குள் ஒரு நீலம்,
ஓரத்தில் தேநீர்க் கறை.
இந்த ஓரத்தை எனக்குத் தெரியும்.
பெயிண்டுக்கு அடியில்
சத்தமில்லாமல் நடந்துபோகும் அது.

அவன் தூங்கும்போது
இருபத்தைந்து பைசா நாணயத்தைப் பக்கத்தில் வைத்து
போனில் படம் எடுத்தேன்.
ஏப்ரலில் நாணயத்தில் பாதி.
ஆகஸ்டில் ஏறக்குறைய நாணயம்.

முகாம் கிளினிக்கில்
கால் ஆணி என்று பிளாஸ்திரி ஒட்டினார்கள்.
ஆணி சார், நடக்க முடியல என்றான் இவன்.
அரைகுறைத் தமிழ் ஃபோர்மேன் சுப்பாராவ்
விபத்து என்று எழுதிக்கொண்டார்.
வேலை நின்றது.
இருபத்திரண்டு பேர் குனிந்து
அரைநாள் மணலைத் துழாவினோம்.
ஏழு ஆணிகள் கிடைத்தன.
ஒன்றும் இசக்கியுடையது இல்லை.

அன்றிரவு சண்டை.
"அன்ஃபிட்னு எழுதிட்டா டிக்கெட்தான், நீயா கடன் அடைப்ப?
அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு, வெயில் தாங்காத தோலுக்கு."
"உனக்கு இருக்கிறதே
வெயில் படாத இடத்துலதானடா" என்றேன்.
அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.
வெள்ளிக்கிழமை
அவனே சட்டையை இஸ்திரி போட்டான்.

மருத்துவர் பெயர் ஷம்ஸா.
சூரியன் என்று அர்த்தமாம்.
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
வெளிச்ச லென்ஸை அழுத்தி
வெகுநேரம் பார்த்தார்.
படங்களைக் காட்டினேன்.
"நாணயம் வைத்தது யார்?" இந்தியில் கேட்டார்.
திருடியவன் போலக் கை தூக்கினேன்.

முதலில் ஒரு கிள்ளு. பன்னிரண்டு நாள் காத்திருப்பு.
பிறகு அந்தப் பெயர்;
அவன் அதை என்னிடம் திரும்பச் சொல்லச் சொன்னான்,
நான் சொல்லவில்லை.

அறுவைக்கு முன் ஊதா மையால் கோடு போட்டார்.
மச்சத்தை ஒட்டி இல்லை, ஒரு விரல் தள்ளி.
"நல்ல தோலை எதுக்கு வெட்டணும்?"
என் பக்கம் திரும்பிக் கேட்டான்.
எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்:
"நல்ல இரும்பு வர்ற வரைக்கும் போகணும்டா."

நீலச் சாயம் ஏற்றி
அரையிடுக்கில் முதல் முடிச்சைத் தேடி எடுத்தார்கள்.
தொடைத்தோலைச் சீவிப்
பாதத்தில் தைத்தார்கள்.

அறிக்கையில் ஆழம்: பூஜ்யம் புள்ளி எட்டு மில்லிமீட்டர்.
என் கணக்கில் எண்ணூறு மைக்ரான்,
கொஞ்சம் தாராளமாக அடித்த பூச்சு.
அவ்வளவு ஆழத்துக்குள்தான் நின்றிருந்தது.
விளிம்பு சுத்தம். முடிச்சு சுத்தம்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லி
சீட்டு மட்டும் நீளமாக இருந்தது.

மனைவி வீடியோவில் கட்டைப் பார்த்தாள்.
"அப்போ இனிமே கடல் தாண்ட மாட்டீங்களா?"
கேட்ட குரலில்
கவலை இல்லை.

ஏணி ஏற முடியாது. கட்டிலை மாற்றிக்கொண்டோம்.
இப்போது நாலு மணிக்கு
இறங்குகிறவன் நான்.
இரண்டாம் கம்பியில் கணுக்காலைப் பிடித்து
"நில்லு" என்கிறான்.
டார்ச் அடிக்கிறான். ஒரு கால். மறு கால்.
விரலிடுக்கு.
"வெடிப்புதான். வாஸலைன் போடு."
பிடியை விட
இன்னும் கொஞ்சம் நேரம் ஆகிறது.